கடற்குதிரை வளைவில் நினைவின் கருவூலம்

காலையில் வந்து நலம் விசாரித்துச் சென்ற மகனை மாலையில் மறந்துவிடுகிறார் ஒரு மூதாட்டி. 'அவன் வந்து எத்தனை மாதமாயிற்று!' என்று வருந்துகிறார். ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு முன் தம் தாய் கற்றுத் தந்த செபத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடிக்கிறார். திருமணத்தன்று பெய்த மழையையும், பந்தலில் ஒழுகிய நீரையும், அதைக் கண்டு சிரித்தவர்களின் பெயர்களையும் வரிசையாகச் சொல்கிறார். இத்தகைய முதியவர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. அருகில் இருப்பது மறைந்து, தொலைவில் இருப்பது துலங்குவது ஏன்? புதியது அழிந்து பழையது நிலைப்பது எவ்வாறு?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறு மிக நீண்டது. அதில் ஆயர்களும் மருத்துவர்களும் ஓவியராக விரும்பிய ஓர் உடற்கூற்று அறிஞரும் இடம்பெறுகிறார்கள். அனைவருக்கும் மேலாக, தம் நினைவை இழந்து, அதனாலேயே நினைவைப் பற்றி உலகுக்குக் கற்றுத் தந்த ஓர் எளிய தொழிலாளியும் இருக்கிறார். அந்த வரலாற்றைச் சற்று நின்று நோக்குவோம்.

வெற்றறைகளில் தேடிய காலம்

மூளையின் நடுவே நீர் நிறைந்த சில குழிகள் உள்ளன. பண்டைய அறிஞர்கள் மூளையின் சதையைவிட இக்குழிகளையே பெரிதாக மதித்தனர். நான்காம் நூற்றாண்டின் இறுதியில், இன்று சிரியா நாட்டில் ஹோம்ஸ் என வழங்கும் எமேசா நகரின் ஆயராக விளங்கிய நெமேசியுஸ், மனிதனின் இயல்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். முன்குழியில் கற்பனையும், நடுக்குழியில் பகுத்தறிவும், பின்குழியில் நினைவும் குடியிருப்பதாக அவர் வகுத்தார். ஏறத்தாழ அதே காலத்தவரான புனித அகுஸ்தினார், தொடக்க நூலுக்கு எழுதிய விளக்கவுரையில், மூன்று குழிகளைப் பற்றிய மருத்துவர்களின் கருத்தைக் குறிப்பிட்டு, நினைவை நடுக்குழியில் வைக்கிறார். இருவரும் ஆயர்களே, நினைவின் இருப்பிடத்தில் மட்டும் உடன்படவில்லை.

ஆனால் அகுஸ்தினாரின் உண்மையான பங்களிப்பு வேறிடத்தில் உள்ளது. தம் வாழ்வை இறைவன் முன் திறந்து வைத்த நூலின் பத்தாம் பகுதியில் அவர் நினைவுக்குள் நடந்து செல்கிறார். பரந்த வெளிகளாகவும் பெரிய மாளிகைகளாகவும் அது அவருக்குத் தோன்றுகிறது. சில நினைவுகள் அழைத்தவுடன் வருகின்றன. சில நெடுநேரம் தேடவைக்கின்றன. சில அழையாமலே கூட்டமாக வந்து நிற்கின்றன. மறந்துவிட்டோம் என்பதை நினைவில் வைத்திருப்பது எப்படி என்றும் அவர் வியக்கிறார். மூளையை அறுத்துப் பார்க்காமலே ஒரு மனிதர் எழுப்பிய இக்கேள்விகள் இன்றைய ஆய்வுக்கூடங்களிலும் நிற்கின்றன என்பதைப் பின்னர்க் காண்போம்.

குழிகளைப் பற்றிய கொள்கை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்தது. 1587-இல் இத்தாலியின் பொலோஞா நகர் உடற்கூற்று அறிஞர் ஜூலியோ சேசரே அரன்சி, மூளைக் குழியின் தரையில் புடைத்துக் கிடந்த ஒரு வளைந்த மேட்டை விவரித்தார். அதன் வடிவம் அவருக்குக் கடற்குதிரையை நினைவூட்டியது. பட்டுப்புழுவோடும் அதை ஒப்பிட்டார். கடற்குதிரை என்ற பெயரே நிலைத்தது. கிரேக்க மொழியில் அதுவே ஹிப்போகேம்பஸ். காதுக்கு உட்புறமாக, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கடற்குதிரைகள் நம் ஒவ்வொருவர் மூளையிலும் சுருண்டு கிடக்கின்றன. பிற்கால அறிஞர்கள் ஆட்டுக்கடாக் கொம்புடைய எகிப்தியத் தெய்வமான அம்மோனை எண்ணி இதற்கு 'அம்மோனின் கொம்பு' என்றும் பெயரிட்டனர். பெயர்கள் பெருகின, அதன் பணியை மட்டும் எவரும் அறியவில்லை.

இந்த இருளில் துணிவோடு உண்மை பேசியவர் ஒருவர் உண்டு. டென்மார்க் நாட்டினரான நிக்கோலாஸ் ஸ்டேனோ 1665-இல் பாரிசில் அறிஞர் குழுவின் முன் மூளையைப் பற்றி உரையாற்றினார். தத்துவ மேதை தேகார்த் மூளையை ஓர் இயந்திரமாகக் கற்பனை செய்து எழுதியவை, அறுத்துப் பார்க்கும்போது காணப்படும் உண்மைக்குப் பொருந்தவில்லை என்று அவர் அஞ்சாமல் எடுத்துக்காட்டினார். கற்பனையை விட்டுவிட்டு, மூளையின் வெண்ணிற இழைகள் எங்கிருந்து எங்குச் செல்கின்றன என்று பொறுமையாகத் தொடர்வதே ஆய்வு நெறி என்றார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். பின்னர் குருவாகி, 1677-இல் ஆயரானார். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். இழைகளைத் தொடருங்கள் என்று அவர் காட்டிய வழியில் நடக்க அறிவியலுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

சமையலறையில் பிறந்த கறுப்புச் சாயம்

தாமதத்துக்குக் காரணம் எளியது. மூளையின் அணுக்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடப்பவை. அனைத்துக்கும் சாயமேற்றினால் அடர்ந்த காடுதான் தெரியும். தனி மரம் தெரியாது. மிலான் நகருக்கு அருகே உள்ள ஒரு சிற்றூரில், தீரா நோயாளிகளுக்கான மருத்துவமனையில் பணியாற்றிய கமில்லோ கொல்ஜி, அங்கிருந்த சமையலறை ஒன்றையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு உழைத்தார். பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்த மூளைத் துண்டை வெள்ளி நைட்ரேட்டில் இட்டபோது, சிற்சில அணுக்கள் மட்டும் கறுத்தன. ஆனால் அவை வேர் முதல் நுனி வரை முழுமையாகக் கறுத்தன. 1873-இல் அவர் இதை வெளியிட்டார். சிலவற்றை மட்டும் காட்டி மற்றவற்றை மறைத்த அந்தச் சாயமே உண்மையைக் காட்டியது.

ஸ்பெயின் நாட்டின் சந்தியாகோ ரமோன் இ கஹால் சிறுவயதில் ஓவியராக விரும்பியவர். மருத்துவரான தந்தை அவரை மருத்துவத்துக்குத் திருப்பினார். 1887-இல் கொல்ஜியின் முறையைக் கண்ட கஹால், அதைச் செம்மைப்படுத்தி, நுண்ணோக்கியில் கண்டவற்றை வரையத் தொடங்கினார். இவ்வாறு அவருடைய ஓவியக் கை வீணாகவில்லை. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிய வலையாக இருப்பதாகக் கொல்ஜி நம்பினார். கஹாலோ 1888 முதல் வேறொன்றைக் கண்டார்: ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தது; அவை தொடுகின்றனவே அன்றி ஒன்றாகிவிடுவதில்லை. கடற்குதிரை மடிப்பை வரைந்தபோது, சிறு அம்புக்குறிகளால் செய்தி ஓடும் திசையையும் அவர் குறித்தார்.

1906-இல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. ஸ்டாக்ஹோம் மேடையில் கொல்ஜி தம் உரை முழுவதையும் கஹாலின் கொள்கையை மறுப்பதற்கே செலவிட்டார். மறுநாள் கஹால் தம் சான்றுகளை எடுத்துரைத்தார். ஒருவர் செய்த கருவியால் மற்றவர் உண்மையைக் கண்டார். கருவியைச் செய்தவரோ அதை ஏற்கவில்லை. 1950-களில் மின்னணு நுண்ணோக்கி தீர்ப்பு வழங்கியது. அணுக்களுக்கிடையே ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி உள்ளது. அந்த இடைவெளியைக் கடந்தே செய்தி செல்கிறது. 1894-இலேயே கஹால், கற்றல் என்பது இத்தொடர்புகள் வலுப்பெறுவதாக இருக்கக்கூடும் என்று கருத்துரைத்திருந்தார்.

ஒரு மனிதர் கொடுத்த விலை

இதுவரையும் கடற்குதிரை மடிப்பின் பணி தெளிவாகவில்லை. முகரும் புலனோடு தொடர்புடையது என்று பலர் எண்ணினர். உண்மை வெளிப்பட்டது ஓர் அறுவைச் சிகிச்சையால்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1926-இல் பிறந்த ஹென்றி மொலேசன் பத்து வயதிலிருந்தே வலிப்பு நோயால் துன்புற்றார். இளைஞரானபோது எந்த மருந்துக்கும் வலிப்பு அடங்கவில்லை. வேலைக்குச் செல்லவும் இயலவில்லை. 1953-இல், அவருடைய 27-ஆம் வயதில், ஹார்ட்ஃபோர்ட் நகர் அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் அவருடைய மூளையின் இருபுறத்தும் இருந்த கடற்குதிரை மடிப்பின் பெரும்பகுதியையும் அதைச் சுற்றிய திசுக்களையும் அகற்றினார். இது சோதனை முயற்சி என்பதை மருத்துவரும் அறிந்திருந்தார். முன்பு மனநோயாளிகள் சிலருக்கும் இதுபோன்ற சிகிச்சை செய்யப்பட்டிருந்தது. ஆனால் அவர்கள் இழந்தது என்ன என்பதை, நோயின் மூட்டத்தில் எவரும் கவனிக்கவில்லை. பேச இயலாதவரின் இழப்பு கணக்கில் வருவதில்லை என்பது வரலாறு மீண்டும் மீண்டும் தரும் கசப்பான பாடம்.

ஹென்றிக்கு வலிப்பு பெரிதும் குறைந்தது. ஆனால் நாள்தோறும் தம்மைப் பராமரித்த செவிலியரை அவரால் அடையாளம் காண முடியவில்லை. குளியலறைக்குச் செல்லும் வழி மனத்தில் நிற்கவில்லை. உண்டு முடித்த சிறிது நேரத்தில் உண்டதே மறந்தது. தமக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் இறந்த செய்தியைக் கேட்டு மிகவும் கலங்கினார். பின் அதை மறந்து, அவர் எப்போது வருவார் என்று கேட்டார். துயரம் ஆறுவதற்குக்கூட நினைவு வேண்டும் போலும்.

கனடாவின் மாண்ட்ரியால் நகரிலிருந்து உளவியலாளர் பிரெண்டா மில்னர் 1955-இல் ஹென்றியைச் சந்தித்தார். மில்னரும் ஸ்கோவிலும் 1957-இல் வெளியிட்ட கட்டுரை நினைவைப் பற்றிய அறிவியலின் திருப்புமுனையாயிற்று. இத்தகைய சிகிச்சை இனி வேண்டாம் என்னும் எச்சரிக்கையும் அதில் அடங்கியிருந்தது. ஹென்றியின் அறிவுக்கூர்மை குறையவில்லை. அளவீட்டில் 112 எனச் சராசரிக்கு மேலாகவே இருந்தது. இளமை நினைவுகள் இருந்தன. 584 என்ற எண்ணை இடைவிடாமல் மனத்துக்குள் உருட்டிக் கால்மணி நேரம் வைத்திருக்கவும் முடிந்தது. கவனம் ஒரு கணம் சிதறினால் எண் மட்டுமன்று, எண்ணைக் கேட்டதே மறந்துவிடும்.

மற்றொரு வியப்பும் காத்திருந்தது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு விண்மீன் வடிவத்தை வரையுமாறு மில்னர் கேட்டார். முதலில் எவருக்கும் கை தடுமாறும். மூன்று நாள்களில் ஹென்றி தேர்ந்துவிட்டார். ஆனால் அதற்கு முன் அதைச் செய்ததாக அவருக்குச் சிறிதும் நினைவில்லை. கை கற்றதை மனம் அறியவில்லை! இதனால் நினைவு ஒன்றன்று, பலவகை என்பது தெளிவாயிற்று. மிதிவண்டி ஓட்டும் திறமை ஒரு பாதையில் பதிகிறது. நேற்று யாரோடு எங்கே சென்றோம் என்பது வேறு பாதையில் பதிகிறது. இரண்டாவதன் வாயில்தான் கடற்குதிரை மடிப்பு.

ஹென்றி 2008-இல், 82-ஆம் வயதில் இறக்கும்வரை ஆய்வுகளுக்கு இன்முகத்தோடு ஒத்துழைத்தார். சூசன் கார்க்கின் என்னும் அறிஞர் 46 ஆண்டுகள் அவரை ஆய்ந்தார். ஒவ்வொரு சந்திப்பும் ஹென்றிக்கு ஏறத்தாழ முதற்சந்திப்பே. அவர் வாழும்வரை உலகம் அவரை இரண்டு எழுத்துகளால் மட்டுமே அறிந்திருந்தது. இறந்த பின்னரே பெயர் வெளியிடப்பட்டது. 2009-இல் அவருடைய மூளை 2,401 மெல்லிய சீவல்களாகப் பகுக்கப்பட்டு ஆராயப்பட்டது. கடற்குதிரை மடிப்பின் பின்பகுதி எஞ்சியிருந்ததையும், அதற்குச் செய்தியைக் கொண்டுவரும் முன்வாயிலான என்டோரைனல் புறணி ஏறத்தாழ முழுமையாக அகற்றப்பட்டிருந்ததையும் ஆய்வு காட்டியது. வீட்டின் ஒரு பகுதி நின்றது. ஆனால் வாயில் அடைபட்டுவிட்டது.

அணுக்களின் ஒழுங்கு

அந்த வீட்டினுள் அணுக்கள் எவ்வாறு அமைந்திருக்கின்றன? கஹாலின் மாணவர் லோரெந்தே தே நோ 1934-இல் அம்மோனின் கொம்பை நான்கு பகுதிகளாக வகுத்து எண்ணிட்டார். அந்தப் பெயர்களே இன்றும் வழங்குகின்றன. மூளையின் மற்ற இடங்களில் காணும் பின்னலுக்கு மாறாக, இங்கே அணுக்கள் உழவர் வரிசையாக நட்ட நாற்றுகளைப் போல அடுக்கடுக்காக நிற்கின்றன. வாய்க்காலில் நீர் பாத்தி பாத்தியாகப் பாய்வதைப் போலச் செய்தி ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குப் பாய்கிறது.

கண்டது, கேட்டது, முகர்ந்தது, தொட்டது ஆகிய அனைத்தும் மூளைப் புறணியின் பல பகுதிகளிலிருந்து என்டோரைனல் வாயிலில் வந்து கூடுகின்றன. அங்கிருந்து முதலில் பல்வரிசை போன்ற ஒரு மடிப்பை அடைகின்றன. கம்பங்கதிரில் மணிகளைப் போல நெருங்கிய சிற்றணுக்கள் அங்கே நிறைந்துள்ளன. ஓர் எலியின் ஒரு பக்க மூளையில் மட்டும் அவை ஏறத்தாழ பத்து இலட்சம். ஆனால் ஒரு நேரத்தில் மிகச் சிலவே எழுந்து பேசும். இந்தச் சிக்கனத்தில் பொருள் உண்டு. ஒன்றுபோல் தோன்றும் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு வெவ்வேறு அணுக்கூட்டங்கள் எழுவதால், இன்று காலை வாயிற்படியில் சந்தித்தவரும் நேற்றுச் சந்தித்தவரும் நினைவில் குழம்பாமல் பிரிந்து நிற்கிறார்கள்.

அடுத்து, கொம்பின் மூன்றாம் பகுதி. இங்குள்ள கூம்பு வடிவ அணுக்களின் சிறப்பு, அவை தங்களுக்குள்ளேயே இழைகளை அனுப்பிக்கொள்வதாகும். எலியில் இத்தகைய ஓர் அணு, தன் உடன் அணுக்களிடமிருந்து மட்டும் ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் இணைப்புகளைப் பெறுகிறது. பல்வரிசை மடிப்பிலிருந்து வருபவையோ ஐம்பது அளவிலேயே உள்ளன. 1971-இல் இளம் ஆங்கில அறிஞர் டேவிட் மார் இந்த அமைப்பின் பொருளைக் கணித வழியில் விளக்க முயன்றார். ஒன்றாக எழுந்த அணுக்கள் தமக்குள் பிணைந்துவிட்டால், பின்னொரு நாள் அவற்றுள் சிலவற்றைத் தொட்டாலே மற்றவையும் எழும். பல்லவியின் முதற்சொல் காதில் விழுந்ததும் பாடல் முழுவதும் நாவில் வருவதும், மல்லிகை மணத்தால் இறந்த தாயின் முகம் தோன்றுவதும் இத்தகைய இயக்கத்தாலே என்று கருதப்படுகிறது. பிறகு செய்தி கொம்பின் முதற்பகுதிக்குச் சென்று, அங்கிருந்து மீண்டும் புறணிக்குத் திரும்புகிறது.

நினைவு முழுவதும் இம்மடிப்பிலேயே குவிந்து கிடப்பதாக எண்ண வேண்டா. பங்கு அலுவலகத்தில் பெயர் அகராதி ஒன்று இருக்கும். யாருடைய ஞானஸ்நானப் பதிவு எந்தப் பேரேட்டில், எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதை அது காட்டும்; பதிவு அதில் இல்லை. அதுபோல, காட்சியும் ஒலியும் மணமும் புறணியின் தத்தம் இடங்களில் இருக்க, அவற்றை ஒன்றாகக் கட்டும் குறிப்பைக் கடற்குதிரை மடிப்பு வைத்திருக்கிறது என்னும் கருத்து 1986 முதல் அறிஞர்களிடையே பேசப்படுகிறது. பேரேடுகள் நாள்தோறும் புரட்டப்பட்டுக் கைப்பழக்கமாகிவிட்டால் அகராதியின் துணை குறைவாகவே தேவைப்படும். பழைய நினைவுகள் பிழைத்திருப்பதற்குப் பல ஆய்வாளர்கள் கூறும் விளக்கம் இதுவே.

இணைப்பு எவ்வாறு வலுப்பெறுகிறது

ஒன்றாக இயங்கும் அணுக்களின் இணைப்பு வலுப்பெறும் என்று மில்னரின் ஆசிரியரான டொனால்ட் ஹெப் 1949-இல் எழுதினார். அது கருத்தாகவே இருந்தது. 1966-இல் நார்வேயின் ஓஸ்லோ நகரில் டெர்ஜே லோமோ முயலின் கடற்குதிரை மடிப்பில் மின்தூண்டலைச் செலுத்தியபோது, ஒரு குறுகிய தூண்டலுக்குப் பின் இணைப்பின் வலிமை நெடுநேரம் உயர்ந்தே நிற்பதைக் கண்டார். அவரும் ஆங்கிலேயரான டிம் பிளிஸ்ஸும் இணைந்து 1973-இல் அதை விரிவாக வெளியிட்டனர். சில நொடித் தூண்டல் பல மணி நேர மாற்றத்தை விளைவித்தது.

பின்னர் அதன் நுட்பமும் தெரிந்தது. செய்தியைப் பெறும் அணுவின் மேற்பரப்பில் ஒருவகை வாயில் உள்ளது. மக்னீசியத் துகள் ஒன்று அதை அடைத்துக்கொண்டிருக்கும். அனுப்பும் அணுவிடமிருந்து குளூட்டமேட் என்னும் பொருள் வருவதோடு, பெறும் அணுவும் அதே நேரத்தில் விழித்திருந்தால் மட்டுமே மக்னீசியம் விலகும். கால்சியம் உட்புகுந்து இணைப்பை வலுப்படுத்தும். இரு சாவிகள் சேர்ந்தால் மட்டுமே திறக்கும் பெட்டகம் அது. 1986-இல் ரிச்சர்ட் மாரிஸ் குழுவினர் இவ்வாயிலை மருந்தால் அடைத்தபோது, நீரில் மறைந்திருந்த மேடையின் இடத்தை எலிகளால் சரியாகக் கற்க இயலவில்லை.

இடத்தை அறியும் அணுக்கள்

இதற்கிடையில் இலண்டனில் ஜான் ஓகீஃப், தம் மாணவர் ஜொனதன் டாஸ்ட்ராவ்ஸ்கியோடு, உலவும் எலியின் கடற்குதிரை மடிப்பில் மெல்லிய கம்பிகளைப் பொருத்தித் தனித்தனி அணுக்களின் ஒலியைக் கேட்டார். 1971-இல் வெளியான அவர்களின் முடிவு புதுமையானது. ஓர் அணு, எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்கு வரும்போது மட்டும் படபடவென ஒலித்தது; வேறோர் அணு வேறோர் இடத்தில். ஆயினும் அடுத்தடுத்த இடங்களைக் காட்டும் அணுக்கள் மூளையில் அடுத்தடுத்து இருப்பதில்லை, சிதறியே இருக்கின்றன. கூட்டாக எழும்போதுதான் அவை ஓர் இடத்தைக் குறிக்கின்றன. மற்றோர் அறைக்குச் சென்றால் அதே அணுக்கள் புதிய கூட்டணி அமைத்துக்கொள்கின்றன.

2005-இல் நார்வேயின் ட்ரோந்தைம் நகரில் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் தம் குழுவினரோடு என்டோரைனல் வாயிலை ஆராய்ந்தனர். அங்குள்ள ஓர் அணு ஓரிடத்தில் மட்டுமன்றிப் பல இடங்களில் ஒலித்தது. அவ்விடங்களைப் புள்ளியிட்டுப் பார்த்தபோது தேன்கூட்டின் அறுகோண ஒழுங்கு வெளிப்பட்டது! எலி ஓடிய தரையில் அத்தகைய கோடு ஏதுமில்லை; அதன் மூளையே அதை வரைந்தது. ஓகீஃபுக்கும் இவ்விருவருக்கும் 2014-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இடத்தைப் போலவே காலத்தின் ஓட்டத்தைக் குறிக்கும் அணுக்களும் கண்டறியப்பட்டுள்ளன. எங்கே, எப்போது என்னும் இரண்டு நூல்களில்தான் நம் வாழ்வின் நிகழ்ச்சிகள் கோக்கப்படுகின்றன.

மேலும் ஒன்று. பகலில் ஒன்றாக ஒலித்த எலியின் இடவணுக்கள் அதன்பின் வந்த உறக்கத்திலும் ஒன்றாக ஒலிப்பதை மேத்யூ வில்சனும் புரூஸ் மக்நாட்டனும் 1994-இல் காட்டினர். உறங்கும் வேளையில் மூளை பகலின் பாடத்தை மீண்டும் ஓதிக்கொள்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவில் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் படிக்கவைக்கும் பெற்றோர் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

சுவடு அழிந்ததா? சாவி தொலைந்ததா?

நினைவு மூளையில் விட்டுச்செல்லும் சுவடுக்கு ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்ட் செமோன் 1904-இல் 'எங்கிராம்' என்று பெயரிட்டார். அச்சுவடு கைக்குச் சிக்காமலே இருந்தது. 2012-இல் அமெரிக்காவில் சுசுமு தொனெகாவாவின் குழுவினர், ஒரு சுண்டெலி ஓர் அறையில் அச்சமூட்டும் அனுபவம் பெற்றபோது பல்வரிசை மடிப்பில் எழுந்த அணுக்களை மட்டும் அடையாளமிட்டு, நீல ஒளிக்கு மறுமொழி தருமாறு மாற்றினர். பின்னர் வேறொரு பாதுகாப்பான அறையில் ஒளியை மூளைக்குள் செலுத்தியதும், சுண்டெலி அந்த அச்சத்தை நினைத்து உறைந்து நின்றது. அடுத்த ஆண்டு, நடவாத ஒன்றை நடந்ததாகச் சுண்டெலி நினைக்கும்படியும் அவர்களால் செய்ய முடிந்தது. நினைவைத் தொடும் ஆற்றல் நினைவைத் திரிக்கும் ஆற்றலும் ஆகும். ஹென்றியின் கதையை அறிந்தவர் இதைக் கேட்டு மகிழ்வதோடு எச்சரிக்கையும் கொள்ள வேண்டும்.

2016-இல் அதே குழுவினர் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். அல்சைமர் எனப்படும் மறதி நோயின் தொடக்க நிலையை ஒத்த குறையுடைய சுண்டெலிகள், அச்சமூட்டிய அறையை மறந்துவிட்டிருந்தன. ஆனால் சுவடு பதிந்த அணுக்களை ஒளியால் தொட்டபோது மறந்தது திரும்பி வந்தது. அதாவது, சுவடு அழியவில்லை. அதை அடையும் வழியே அடைபட்டிருந்தது. சுண்டெலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே உரிமையாக்குதல் அவசரமாகும். முதிர்ந்த நிலையில் அணுக்களே மடிந்துபோகின்றன என்பதும் உண்மை. ஆயினும், மறதியெல்லாம் அழிவன்று என்னும் இச்செய்தி, மறந்துவிட்டதை அறிந்திருப்பது எப்படி என்று வியந்த அகுஸ்தினாரின் கேள்வியின் அருகில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இப்போது நம் மூதாட்டியிடம் திரும்புவோம். அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது என்டோரைனல் வாயிலையும் கடற்குதிரை மடிப்பையும்தான். ஆகவே காலையில் வந்த மகன் உள்ளே பதிவதற்கே வழியில்லை. ஆண்டாண்டாக ஓதிய செபமும் பாடிய பாடலும் புறணியில் வேரூன்றிவிட்டதால் நெடுநாள் நிலைக்கின்றன. 'மகன் வரவில்லை' என்று அவர் சொல்வது பொய்யுமன்று, நன்றிகேடுமன்று. கையறு நிலையில் சொல்லும் உண்மை அது. அதற்காக அவரைக் கடிந்துகொள்வது, கண்ணிழந்தவர் இடறியதற்குக் கடிந்துகொள்வதை ஒக்கும்.

எனவே இத்தகையோரைக் காணச் செல்லும்போது, 'என்னைத் தெரிகிறதா?' என்று தேர்வு வைக்காதிருப்போம். நாமே நம் பெயரையும் உறவையும் முதலில் சொல்லிவிடுவோம். அவர் ஒரே கேள்வியைப் பத்தாம் முறை கேட்டாலும், அவருக்கு அது முதல் முறையே என்பதை நினைவில் கொள்வோம். அவருக்குத் தெரிந்த பழைய பாடலைத் தொடங்கிக் கொடுப்போம். முதற்சொல் கிடைத்தால் மற்றதை அவரே முடிப்பார்.

நினைவு போனால் மனிதர் போய்விடுகிறாரா? ஹென்றி மொலேசனின் ஐம்பத்தைந்து ஆண்டுகள் இதற்கு மறுமொழி தருகின்றன. அவரோடு பழகியவர்கள் அவருடைய பணிவையும் நகைச்சுவையையும், தம்மால் பிறருக்குத் தொல்லை நேர்ந்துவிடக் கூடாதே என்ற கவலையையும் எழுதி வைத்துள்ளனர். நேற்றைய நாள் இல்லாதவராயினும் அவர் அன்பில்லாதவராக இருக்கவில்லை. கடற்குதிரை வளைவில் எழுதப்படாத ஒன்றும் மனிதரிடம் உண்டு.

மற்றோர் உண்மையும் இங்கே உண்டு. ஒரு நினைவு ஓர் அணுவில் தங்குவதில்லை. ஒன்றையொன்று எழுப்பும் அணுக்களின் கூட்டத்திலேயே தங்குகிறது. சில அணுக்கள் ஓய்ந்தாலும் மற்றவை அதைத் தாங்கி நிற்கின்றன. குடும்பமும் ஊரும் அத்தகையவை அல்லவா? தம் பெயரையே மறந்தவரின் பெயரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவர் மறந்த திருமண நாளின் மழையை அவருக்காக நாம் சொல்கிறோம். அவர் இழந்தது அவரிடம் இல்லை. ஆனால் நம்மிடம் இருக்கிறது. நாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்வரை அது இழக்கப்பட்டதன்று.